‘கேஷ்’ என்பது நம்முடைய ‘காசு’தானா?

கேள்வி சில வரிகள்தான். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்பது தமிழ்க் ‘காசு’ கப்பலேறிப் போனதுதான் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். இன்னொருவர், இரண்டுக்குமே தாய் சமஸ்கிருதம் என்கிறார். கேட்டவரோ ஓர் அருங்காட்சியகத்தில் நடுவே சதுரத் துளையுள்ள சீனச் செம்பு நாணயத்தின் அடியிலும் ‘கேஷ்’ என்று எழுதியிருக்கப் பார்த்துக் குழம்பியிருக்கிறார். கடைசியில் ஒரு பின்குறிப்பும் உண்டு: ஜப்பானிய மொழியில் ‘காசு’ என்றால் கடன் கொடுப்பதாமே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

எந்த நண்பர் சொல்வது சரி என்பதுதான் வெளியே தெரியும் கேள்வி. உள்ளே இருப்பது வேறு. ஒலியும் ஒத்து, பொருளும் ஒத்து நிற்கும் இரண்டு சொற்கள் உறவுடையவையா, அல்லவா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? அகராதித் தொகுப்பு வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒலியும் பொருளும் ஒத்திருப்பது விசாரணையைத் தொடங்கத்தான் உதவும். அந்தச் சொல் எந்தக் காலத்தில், யார் வாயில், எந்தத் துறைமுகத்தில் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் உறவு பேசலாம். காசு விஷயத்தில் அதிர்ஷ்டவசமாகத் தடயங்கள் நிறையவே இருக்கின்றன. ஓரிடத்தில் மட்டும் அவை இரண்டு பக்கமும் இழுக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஒன்றல்ல, இரண்டு. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றேயானாலும் பிறந்த இடம் வேறு என்பதால், நல்ல ஆங்கில அகராதிகள் இரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே பதிவு செய்கின்றன. ரொக்கம் என்ற பொருளில் இன்று உலகமெங்கும் வழங்கும் ‘கேஷ்’ தமிழிலிருந்து போனது அல்ல. அது பெட்டி. லத்தீனில் ‘காப்ஸா’ என்றால் பெட்டி. ரோமானியர்கள் ஏட்டுச் சுருள்களை அதில் வைத்திருந்தார்கள். ‘பிடி, கொள்’ என்று பொருள்படும் ஒரு வினைச்சொல்லின் வழியில் வந்த பெயர் அது. அதுவே இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’ ஆனது, பிரெஞ்சில் ‘கெஸ்’ ஆனது. வணிகர்களின் பணப்பெட்டிக்கு அந்தப் பெயர் நிலைத்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்த புதிதில் ஆங்கிலத்திலும் அது பெட்டியையும் குறித்தது, பெட்டிக்குள் இருந்த பணத்தையும் குறித்தது. பிறகு பெட்டி உதிர்ந்து பணம் மட்டும் நின்றுவிட்டது. நம் இலக்கணத்தில் இதற்குப் பெயரே உண்டு, இடவாகுபெயர். கேப்சூல், கேசட் இரண்டும் அதே லத்தீன் பெட்டியின் பிள்ளைகள்தாம்.

ஆங்கிலம் மறந்துவிட்ட பெட்டியை மற்ற மொழிகள் மறக்கவில்லை. ஜெர்மனில் ‘காஸ்ஸே’ என்றால் கடையில் பணம் செலுத்தும் இடம். ரஷ்ய மொழியில் ‘காஸ்ஸா’ டிக்கெட் கொடுக்கும் கவுண்டர். துருக்கியில் ‘காஸா’ இரும்புப் பெட்டியும் ஆகும், சரக்குப் பெட்டியும் ஆகும். இந்தோனேசியாவில் அரசின் கருவூலத்தையும் சங்கங்களின் பொதுநிதியையும் ‘காஸ்’ என்கிறார்கள். தென்கிழக்கு ஆசியா என்றதும் சோழர் கப்பலை நினைத்து மகிழ்ந்துவிட வேண்டாம்; அது டச்சுக்காரர்கள் விட்டுச் சென்ற சொல். பணம் தன்னை வைத்திருந்த பொருளின் பெயரைப் பெறுவது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. அரபு நாடுகளில் பணத்துக்கு வழங்கும் ‘ஃபுலூஸ்’ என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனால், கிரேக்கம் வழியாக லத்தீனின் தோல்பைக்குத்தான் போய்ச் சேருவோம். இந்த ஃபுலூஸ் சற்று நேரத்தில் மறுபடி வரும்.

இரண்டாவது ‘கேஷ்’ ஆசியாவின் சிறுமதிப்பு நாணயங்களுக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர். இங்கேதான் முதல் நண்பர் வெல்கிறார். இத்தாலியப் பயணி லுடோவிகோ டி வார்தெமாவின் நூல் 1510இல் அச்சானது. விஜயநகர நாட்டு நாணயங்களைச் சொல்லும்போது, ‘காஸ்’ என்று ஒரு செம்பு நாணயம் உண்டு, அதில் 16 சேர்ந்தால் ஒரு சிறு வெள்ளி நாணயம் என்று அவர் எழுதுகிறார். இந்தக் ‘காஸ்’ ஐரோப்பாவிலிருந்து வந்திருக்க வழியில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு, துளு ஆகிய நான்கிலும் இருக்கும் ‘காசு’தான் அவர் காதில் விழுந்தது. மலையாளத்தில் அது ‘காஶ்’. நடு எழுத்து ‘ஷ’வை ஒட்டிய ஒலி.

அடுத்து போர்த்துகீசியர்கள். இந்த நாணயத்தை அவர்கள் ‘கய்ஷா’ என்று எழுதினார்கள். ஏன் ‘ஷ’ என்று கேட்டால் இரண்டு விடைகள் உண்டு. அவர்கள் முதலில் இறங்கியது கோழிக்கோட்டுக் கரையில். மலையாளத்தின் ‘காஶ்’ நேராகக் காதில் விழுந்திருக்கலாம். இல்லையென்றால், போர்த்துகீசியத்தில் ‘கய்ஷா’ என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. அதன் பொருள் என்ன தெரியுமா? பெட்டி. அதே லத்தீன் காப்ஸாவின் வழிவந்தது. தெரியாத ஊரில் கேட்ட பணச் சொல்லைத் தன் வீட்டுப் பணப்பெட்டிச் சொல்லின் உருவில் எழுதிவிட்டார்கள். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும் என்பது என் எண்ணம். எண்ணம் மட்டுமே, காதில் விழுந்த கணத்துக்கு ஆவணம் கிடையாது. ஆனால் விளைவு தெளிவானது. தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள் போர்த்துகீசிய எழுத்தில் முதன்முறையாக ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டன. ஆங்கிலேயர்கள் இரண்டையும் அந்தச் சட்டையோடு வாங்கி ‘கேஷ்’ ஆக்கினார்கள்.

இனி சீன நாணயம். 1580களில் கோவாவில் வாழ்ந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டனின் நூல் 1596இல் வெளியாகி, 1598இல் ஆங்கிலத்துக்கு வந்தது. ஜாவாவின் சுந்தா பகுதியில் ‘கய்ஷா’ என்ற செம்பு நாணயத்தைத் தவிர வேறு பணமில்லை, அதன் நடுவே துளை இருக்கும், இருநூறு, ஆயிரம் என்று கயிற்றில் கோத்து வைப்பார்கள் என்கிறது அந்த நூல். அது சீன வகைக் காசு. கோழிக்கோட்டிலும் கோவாவிலும் பழகிய பெயரை அடுத்த துறைமுகத்தில் கண்ட நாணயத்துக்கும் ஒட்டிவிட்டார்கள். சீனர்கள் தங்கள் நாணயத்தை ஒருபோதும் அப்படி அழைத்ததில்லை. அவர்களுக்கு அது ‘வென்’. ஜப்பானின் ‘மொன்’, கொரியாவின் ‘முன்’, வியட்நாமின் ‘வன்’ எல்லாம் அந்த ஒரே எழுத்தின் உள்ளூர் ஒலிப்புகள். ஆக, அருங்காட்சியகத்தில் அந்தச் சீட்டில் இருந்தது, சீனருக்குத் தெரியாத, தென்னிந்தியாவிலிருந்து போர்த்துகீசியர் சுமந்துபோய் ஆங்கிலேயர் கையில் கொடுத்த பெயர்.

சென்னையில் இரண்டு ‘கேஷ்’களும் ஒரே அலுவலகத்தில் சந்தித்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம் (இங்கே பணம் என்பது ஒரு சிறு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. கையிருப்பு ரொக்கமும் ‘கேஷ்’, அந்த ரொக்கத்தின் கடைசிப் பத்தியில் எழுதும் சில்லறையும் ‘கேஷ்’. கணக்கப்பிள்ளைகளுக்கு இதில் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. சூழல் பொருளைக் காட்டிவிடும். குழம்புவதெல்லாம் பிற்காலத்தில் வேர் தேடும் நாம்தான். இந்தக் கம்பெனிக்காக 1803இல் பர்மிங்காம் அருகே சோஹோ நாணயச் சாலையில் அடித்த செம்பு நாணயங்கள் இன்றும் சேகரிப்போர் கையில் உண்டு. 20 காசு நாணயத்தின் ஒரு பக்கத்தில் ரோமன் எண்ணோடு ‘கேஷ்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதே பக்கத்தில், அதற்கு மேலே பாரசீக எழுத்தில் ‘இருபது காஸ், நான்கு ஃபலூஸ்’. நான் முன்னே சொன்ன ஃபுலூஸ்தான் இது. விரலளவு செம்பில் ஒரு தமிழ்ச் சொல் இரண்டு வேடத்தில் நிற்க, பக்கத்திலேயே ரோமானியத் தோல்பையும் இருக்கிறது. இதே வகையில் 1808ஆம் ஆண்டு பொறித்த நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. அந்தக் காசுகள் சென்னையைப் பார்க்கவேயில்லை. 1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க்கு மாறியதும் இந்தக் கணக்கு முறை மறைந்தது. திருவிதாங்கூரில் மட்டும் 16 காசு ஒரு சக்கரம் என்ற முறை 20ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தது. ‘ஒரு கேஷ்’ என்று ஆங்கிலத்தில் பொறித்த நாணயமே அங்கே வெளியானது.

இனிமேல்தான் தடுமாற்றமான பகுதி. தமிழ்க் காசு எங்கிருந்து வந்தது? இரண்டாவது நண்பரின் வாதம் வெறும் வாய்வீச்சு அல்ல. சமஸ்கிருதத்தில் ‘கர்ஷ’ என்று ஒரு நிறை உண்டு. அந்த நிறையின் பெயரில் ‘கார்ஷாபண’ என்று நாணயமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சொல்லாய்வாளர்கள் முதல் இன்றுவரை பலர் கர்ஷத்தைத்தான் காசின் மூலமாகக் காட்டுகிறார்கள். ஒலி மாற்றத்திலும் பெரிய தடையில்லை. ‘வர்ஷ’ பாலியில் ‘வஸ்ஸ’ ஆனது போலக் ‘கர்ஷ’வும் பிராகிருத வாயில் ரகரத்தை இழந்திருக்கலாம். இந்த ‘கார்ஷாபண’ பாலியில் ‘கஹாபண’ ஆகி, சிங்களத்தில் ‘கஹவணு’ என்று நிற்கிறது. அதே சிங்களத்தில் நாணயத்துக்கு இன்று வழங்கும் சொல் ‘காசி’; அது தமிழிலிருந்து போனது. வடக்கிலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என இரண்டு நாணயச் சொற்களை ஒரே மொழி வைத்திருக்கிறது.

இந்த வாதத்தை முழுதாக ஏற்க என்னை விடாதவை இரண்டு. ஒன்று, சங்கப் பாடல்களில் காசு என்ன வேலை செய்கிறது என்பது. குறுந்தொகை 67ஆம் பாடலில் கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. அது எதைப் போல இருக்கிறது? ‘புதுநாண் நுழைப்பான் நுதிமாண் வள்ளுகிர்ப் பொலங்கல ஒருகாசு ஏய்க்கும்’. புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் கூரிய நகத்தால் பற்றியிருக்கும் பொன் அணியின் ஒரு காசைப் போல. தட்டையான நாணயத்துக்கு வேப்பம்பழத்தை யார் உவமை சொல்வார்கள்? 148ஆம் பாடலில் கொன்றை அரும்புக்குக் ‘கிண்கிணிக் காசு’ உவமையாகிறது. அதுவும் உருண்டைதான். திருமுருகாற்றுப்படையில் ‘பல்காசு நிரைத்த’ என்று வருவது மேகலை வடத்தில் கோத்த மணிகளை. நான் படிக்கும்போது இந்த இடங்களில் தெரிவது கடைவீதிப் பணமல்ல, நூலில் கோக்கும் பொன்மணி. எடைப் பெயர் ஒன்று மணியின் பெயராக மாறியது எப்படி என்று கர்ஷக் கட்சியினர் விளக்க வேண்டும்.

அவர்களுக்கு விடையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நாணயத்துக்கும் நகைக்கும் நடுவே இருந்த வேலி எப்போதும் தாழ்வானதுதான். தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளில் சில, கழுத்தில் அணிவதற்காகத் துளையிடப்பட்டும் வளையம் வைக்கப்பட்டும் இருக்கின்றன. தமிழின் காசுமாலை, மலையாளத்தின் காஶுமாலா, தெலுங்கின் காசுலபேரு மூன்றும் அதே பழக்கத்தின் தொடர்ச்சி. தெலுங்கில் ‘காசு’ இன்று எட்டு கிராம் தங்கத்தின் அளவும்கூட. ஆக நாணயம் மணியாவதும், மணி நாணயமாவதும் நடக்கக்கூடியவையே. எது முதலில் என்பதில்தான் வழக்கு.

இரண்டாவது தடை இன்னும் சுவையானது. பலர் கவனிக்காமல் விடுவது. கர்ஷத்துக்குத் தமிழில் வேறொரு நேர்ச்சொல் இருக்கிறது. ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’ என்ற 1037ஆம் குறளைப் பாருங்கள். ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி நிலத்தைக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறார் வள்ளுவர். ‘கஃசு’ என்றால் கால் பலம். சமஸ்கிருத அளவையிலும் நான்கு கர்ஷம் ஒரு பலம். ஒலியும் பொருந்துகிறது, கணக்கும் அணு பிசகாமல் பொருந்துகிறது. இப்படிப்பட்ட பொருத்தத்தைத்தான் அகராதிக்காரன் தேடி அலைவான். கர்ஷம் தமிழுக்கு வந்து கஃசு என்ற எடையாக உட்கார்ந்துவிட்டது என்றால், காசு என்ற பொன்மணிக்கு வேறு பிறப்பு இருக்க இடமுண்டு. அதற்காக வழக்கு முடிந்துவிட்டது என்று எழுத மாட்டேன். ஒரே சொல்லை ஒரு மொழி இரண்டு காலத்தில் இரண்டு வடிவில் கடன் வாங்குவது சாதாரணம். கஃசும் காசும் அப்படி வந்த இரட்டையராகவும் இருக்கலாம். தராசு என் கையில் திராவிடப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. வேறொருவர் கையில் மறுபக்கம் சாய்ந்தால் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் காய்ச்சிய உலோகம் என்பதால் ‘காய்ச்சு’ காசானது என்று சிலர் சொல்வதற்கு மட்டும் தலையாட்ட முடியவில்லை. கன்னடத்தில் ‘காசு’ என்ற வினைக்குச் சூடாக்கு என்று பொருள் இருப்பது உண்மை. அதற்கும் நாணயப் பெயருக்கும் பாலம் கட்ட ஒரு பழைய சான்றையும் யாரும் காட்டவில்லை.

மணியாக இருந்த காசு எப்போது பணமானது என்றால், 7ஆம் நூற்றாண்டில் அது ஐயமின்றிப் பணம். திருவீழிமிழலையில் சம்பந்தர் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று சிவனிடம் கேட்கிறார். பஞ்ச காலத்தில் இறைவன் கொடுத்த காசைக் கடையில் மாற்றும்போது வட்டம் பிடித்தார்களாம். அந்தக் குறைதான் வாசி. குறைவில்லாத நல்ல காசாகக் கொடு என்று கடவுளிடமே முறையிடும் அளவுக்கு நாணய மாற்று அன்று பழகியிருந்தது. பிறகு சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு, அன்றாடு நற்காசு என்று விதவிதமான காசுகள் வருகின்றன.

தமிழுக்குள்ளேயே ஒரு பொறியும் இருக்கிறது. கம்பன் அவையடக்கத்தில் ‘காசு இல் கொற்றத்து இராமன்’ என்கிறான். கையில் காசில்லாத இராமன் என்று படித்துவிட்டால் கதை கெட்டது. ஆசு, மாசு போல இங்கே காசுக்குக் குற்றம் என்று பொருள்; குற்றமற்ற வெற்றியுடைய இராமன். நாணயக் காசோடு இதை இணைக்கத் தேவையில்லை. ஒலியால் ஒன்றான தனிச்சொல். யாப்பில் வரும் காசு வேறு வகை. நாள், மலர், காசு, பிறப்பு என்று வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு வாய்பாடு சொல்கிறோமே, அங்கே பொருள் எதுவும் இல்லை, அசை மட்டும்தான். ‘பொருள்சேர் புகழ்புரிந்தார் மாட்டு’ என்ற குறளில் ‘மாட்டு’ காசு.

வங்கியில் ‘காசாளர்’ என்ற பலகையைப் பார்த்து, ‘கேஷியர்’ அதன் திரிபு என்று சொல்பவர்களும் உண்டு. காசாளர், காசோலை இரண்டும் நம் காசிலிருந்து நவீன காலத்தில் அமைத்துக்கொண்டவை. கேஷியர் பெட்டிக்காரர், காசாளர் காசை ஆள்பவர். ஒலி நெருக்கம் ஒரு வசதி, அவ்வளவே. ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ வினையாக வந்து, படை அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்குவதைக் குறிக்கும்போது, அது டச்சு வழியாக வந்த மூன்றாவது ஒரு சொல். பெட்டிக்கும் காசுக்கும் அதில் பங்கில்லை. உருது கவிதைகளில் பிச்சைக்காரன் ஏந்தும் ‘காஸா’ பாரசீகக் கிண்ணம். அதில் காசு விழுவதால் அந்தப் பெயர் வரவில்லை.

கடைசியாக ஜப்பான். ‘காசு’ என்றால் அங்கே இரவலாகவோ கடனாகவோ கொடு என்று பொருள் என்பது சரிதான். ஜப்பானியத்தின் வேர்களைத் தமிழில் தேடிய சுசுமு ஓனோ என்ற அறிஞரும் இருந்தார். அவர் கருத்தைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அந்தப் பெரிய வழக்குக்குள் போகாமலேயே இந்தச் சொல்லை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். கடன் கொடுப்பது ‘காசு’, கடன் வாங்குவது பழைய வடிவில் ‘காரு’. இரண்டுக்கும் பொதுவாக நிற்பது ‘கா’ மட்டுமே. பின்னால் வரும் சகரமும் ரகரமும் திசையை மாற்றும் உறுப்புகள், ஏறக்குறைய நம் தன்வினை, பிறவினை மாதிரி. தமிழ்க் காசில் சகரம் சொல்லின் உடம்பு. ஜப்பானியத்தில் அது கழற்றி மாட்டும் உறுப்பு. தவிர, ஜப்பானியக் காசைக் குடைக்கும் வீட்டுக்கும் புத்தகத்துக்கும் சொல்லலாம். பணம் அதற்குக் கட்டாயமே இல்லை.